பாய் விரிக்கிற இடம் இருந்தால் போதும்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

வீட்டிலேயே செய்கிற, செய்து முடித்தால் மனசும் கொஞ்சம் லேசாகிற உடற்பயிற்சி பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் இரண்டே வரி போட்டிருந்தோம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கரையோரம் முழுக்கக் கடிதமும் வாட்ஸ்அப் குரல் பதிவுமாக வந்து குவிந்துவிட்டது. எல்லாவற்றையும் போட இடமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிய உடற்கல்வி டீச்சர், டாக்டர் இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம் என்று இருப்பவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு அப்புறம் இந்தப் பக்கம் வாருங்கள்.

டீச்சர், நான் பாசி எடுக்கப் போகிறவள். அது இல்லாத நாளில் கருவாடு காயப்போடுகிற வேலை. உடற்பயிற்சி என்று வாயைத் திறந்தாலே வீட்டுக்காரர் சிரிக்கிறார், "நாள் பூரா வேலை பாக்குற உனக்கு எதுக்கு எக்சர்சைஸ்" என்று. ஆனால் பொழுது சாய்ந்தால் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கிறது. அவர் சொல்வது சரியா? – பெயர் வேண்டாம், பாம்பன்

பாதி சரி. உடலுழைப்பும் கணக்கில் சேரும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னபோது, பிழைப்புக்குச் செய்கிற வேலை, வீட்டு வேலை, நடை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னது. அந்தக் கணக்கை நீங்கள் செவ்வாய்க்கிழமைக்குள் முடித்திருப்பீர்கள்.

ஆனால் உங்கள் ஒரு நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தண்ணீருக்குள் குனிந்து பாசி பறிக்கிறீர்கள், சாக்கைக் குனிந்து தூக்குகிறீர்கள், கரையில் குனிந்து பரப்புகிறீர்கள், கருவாட்டைக் குனிந்து புரட்டுகிறீர்கள், வீட்டுக்கு வந்தால் குனிந்து பெருக்குகிறீர்கள். பின்பக்கமாக வளைந்த ஒரே ஒரு அசைவு சொல்லுங்கள் பார்ப்போம்? ஒரு பக்கமாகவே சுருட்டி வைத்த பாய் விரித்தாலும் அந்தப் பக்கமே சுருளும் இல்லையா, இடுப்பும் அப்படித்தான். இன்னொன்று, வேலையில் வேகம் உங்கள் கையில் இல்லை. கடல் நீரோட்டமும் வியாபாரியும் சொல்கிற வேகம் அது. பயிற்சியில் நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் நிறுத்தலாம், யாரும் எடை போட்டுக் காசு குறைக்கப் போவதில்லை. மனசுக்கு இதம் என்கிறார்களே, அதில் பாதி இந்தச் சுதந்திரம்தான் என்பது என் எண்ணம்.

வந்ததும் உப்பு போகக் குளித்து, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். 10 நிமிஷம் போதும். நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, மூச்சை விட்டபடி மெல்லப் பின்னால் சாயுங்கள், 5, 6 தடவை. அடுத்து பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதம் தரையில் அழுந்த, இடுப்பை மட்டும் தூக்கி 5 எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பாம்பன்காரிக்கு இதை விளக்கவே வேண்டாம், 2025-ல் திறந்த புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள பகுதி மட்டும் செங்குத்தாக மேலே போகிறதே, அதேதான். தோளும் தலையும் பாதமும் தூண் மாதிரி அசையாமல் இருக்கணும். 10 தடவை. பிறகு சுவரோடு முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் சுவரில் உரசியபடி தலைக்கு மேலே கொண்டுபோய் இறக்குங்கள், கூன் விழுந்த தோள் திறக்கும். கடைசியாகப் படுத்துக்கொண்டு இரண்டு காலையும் சுவரில் நிமிர்த்திச் சாய்த்து 3 நிமிஷம் ஒன்றும் செய்யாமல் அப்படியே இருங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், இதற்காகவே மற்றதைச் செய்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

வலி இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல் மாதிரி இறங்கினால், கால் மரத்தால், சிறுநீர் போவதில் சிக்கல் என்றால் பாயைச் சுருட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுக்காரரைப் பக்கத்தில் ஒரு பாய் போட்டுப் பாலம் தூக்கச் சொல்லிப் பாருங்கள். நாலாவது தடவையில் சிரிப்பு நிற்கும்.

விசைப்படகில் போகிறேன், வயசு 31. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல. வீட்டில் சும்மா கிடந்து பிள்ளைகளைக் கத்துகிறேன். சாயங்காலமானால் கால் தானாகக் கடைப் பக்கம் போகிறது. ஜிம்முக்குக் கட்டப் பணமில்லை. – மண்டபம்

தம்பி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, ராத்திரி முழுக்க வலை இழுத்துப் பழகிய உடம்பைத் திடீரென்று நார்க்கட்டிலில் போட்டால் அது எரிச்சலாகத்தான் வெளியே வரும். நீங்கள் கெட்ட தகப்பன் ஆகிவிடவில்லை, உடம்புக்கு வேலை நின்றுபோச்சு, அவ்வளவுதான்.

ஜிம் எதற்கு? தண்டாலும், உட்கார்ந்து எழுகிற பஸ்கியும் நம் தாத்தாக்கள் மண் தரையில் எடுத்ததுதான். கத்திரி வெயில் காலம் என்பதால் காலை 7 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். 10 பஸ்கி, 8 தண்டால், அப்புறம் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி 20 எண்ணும் வரை நிறுத்துங்கள். ஒரு நிமிஷம் ஓய்வு. இப்படி 4 சுற்று. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும், முதல் நாளே வீரம் காட்டினால் மறுநாளும் அதற்கு மறுநாளும் தசைவலியில் மாடிப்படி இறங்க முடியாது, மூன்றாம் நாள் பயிற்சியே வெறுத்துப்போகும். சின்னவனை முதுகில் உட்கார வைத்துத் தண்டால் எடுக்க முடிகிறதா என்று இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். கத்துகிற அப்பாவைவிட அந்த அப்பாவைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கால் கடைப் பக்கம் போகிற நேரம் எது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கிக் குதியுங்கள், வலைக்காரன் வீட்டில் கயிற்றுக்கா பஞ்சம்? குதித்து வியர்த்துக் குளித்த பிறகு அந்த ஆசை எல்லா நாளும் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், பல நாள் கொஞ்சம் தள்ளிப்போகும். ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள், வருஷக்கணக்காகத் தினமும் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புவரை வரலாம், டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், செத்துவிடலாம் போலத் தோன்றினால் தண்டால் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ், அரசு சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எத்தனை நாளில் சிக்ஸ் பேக் வரும்? – கல்லூரி மாணவன், ஏர்வாடி

எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்று வயிற்றுக்கு உத்தரவு போட முடியாது, தம்பி. நாள் கணக்குச் சொல்கிறவரிடம் பவுடர் டப்பா விற்பனைக்கு இருக்கும், பார்த்துக்கொள்.

வயது 46, மூன்று வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நடக்கச் சொல்கிறார்கள். தெருவில் நடக்க எனக்கு விருப்பமில்லை, மொட்டை மாடியில் நடந்தால் நாலு வீட்டுக்குத் தெரிகிறது. – கீழக்கரை

வீட்டுக்குள்ளேயே நடங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நேரம்தான் முக்கியம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிற வேளையில் 10, 15 நிமிஷம் நடந்தால் வேலை செய்கிற கால் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தசை அசையும்போது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே அது நடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடனே சாய்கிறீர்களே, அந்தத் தூக்கத்தை ஒரு கால் மணி நேரம் தள்ளிப்போடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. வாசல் நடையிலிருந்து முற்றம், அடுப்படி, கொல்லைக் கதவு, திரும்ப வாசல். ஒரு வாசகி இறைத்துதியான தஸ்பீஹ் ஓதிக்கொண்டே நடப்பதாக எழுதியிருந்தார், நடையும் ஆகிறது மனசும் அடங்குகிறது என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், 10 தடவை. சுவரில் கை ஊன்றித் தண்டால், 10 தடவை. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள், சர்க்கரைக்காரர் காலில் காயம் பட்டால் தெரியாமலே போய்விடும். நடுக்கம், திடீர் வியர்வை, கண் இருட்டல் என்றால் நின்று, சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரம் மாறும் என்பதால் டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, பயிற்சியை இஃப்தாருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கடலுக்குப் போன ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒருமுறை எல்லைப் பக்கம் பிடிபட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் வந்தார். அதிலிருந்து படகு திரும்புகிற வரை நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. இதற்கு உடற்பயிற்சி இருக்கிறதா? – தங்கச்சிமடம்

அந்தப் பயத்தை எடுத்துவிடுகிற பயிற்சி எதுவும் இல்லை, தங்கச்சி. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் படபடப்பைக் கொஞ்சம் இறக்க முடியும். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கும். அதனால் 4 எண்ணி இழுத்து, 6 அல்லது 7 எண்ணி விடுங்கள். 5 நிமிஷம். எண்ணிக்கைக்காக மூச்சு முட்டவிட வேண்டாம், விடுவது நீளமாக இருந்தால் சரி. அப்புறம் படுத்தபடியே காலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக இறுக்கித் தளர்த்துங்கள், பாதம், கெண்டைக்கால், கை முஷ்டி, தோள், கடைசியில் தாடை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம் என்பதே தாடையைத் தளர்த்தும்போதுதான் தெரியும். போனைத் தலையணைக்கடியில் வைக்காமல், மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் அலமாரியில் வையுங்கள். பகலிலும் படபடப்பு தொடர்ந்தால் மேலே மண்டபம் தம்பிக்குச் சொன்ன 14416 உங்களுக்கும்தான். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சேர முடிந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

எங்கள் ஊர் முளைப்பாரியில் பத்து நாள் கும்மி அடித்தேன். உடம்பு லேசாக, மனசு சந்தோஷமாக இருந்தது. திருவிழா முடிந்ததும் பழையபடி. கும்மி எக்சர்சைஸ் ஆகுமா? – உச்சிப்புளி

ஆகுமா என்று கேட்கிறீர்களே! இந்த இதழுக்கு வந்ததிலேயே எனக்கு மகிழ்ச்சி தந்த கேள்வி இது. மிதமான வேகம் என்பதற்கு ஒரு எளிய அடையாளம் சொல்வார்கள், பேச முடியும், பாட முடியாது. கும்மியில் பாடியே ஆக வேண்டும் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் இடிக்கும், ஆனால் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால் நடுவில் மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. முன்பாட்டுக்காரருக்கு அடி முடிவில் மூச்சு இளைத்தால் சரியான வேகத்தில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குனிவு, நிமிர்வு, கைத்தட்டல், சுற்றி வரும் அடி என்று காலுக்கும் கைக்கும் தோளுக்கும் சேர்ந்தே வேலை. அதோடு பத்துப் பேர் ஒரே தாளத்தில் அடி வைக்கிறபோது வருகிற பூரிப்பு தனியாகப் பாயில் படுத்துக் காலைத் தூக்கினால் வராது, 28 வருஷம் பிள்ளைகளுக்குக் கூட்டு உடற்பயிற்சி எடுத்தவள் சொல்கிறேன்.

சிமெண்ட் தரையைவிட மண் வாசல் முட்டிக்கு நல்லது. முட்டிவலி உள்ளவர்கள் குனிவதைப் பாதியாக்கிக் கைத்தட்டலைக் கூட்டுங்கள். வாரத்தில் 3 சாயங்காலம், 20 நிமிஷம். அம்மன் வருகிற வரை காத்திருக்க வேண்டாம்.

டீச்சரம்மா, வயது 72. கோலம் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. விழுந்துவிடுவேன் என்று மருமகள் கோல டப்பாவையே ஒளித்து வைத்துவிட்டாள். – தேவிபட்டினம்

மருமகள் மேல் கோபம் வேண்டாம் அம்மா, பயத்தில் செய்திருக்கிறாள். 65 தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கிற பயிற்சி செய்ய வேண்டும் என்பார்கள். மருமகள் பக்கத்தில் இருக்கும்போது, ஈரமில்லாத தரையில், கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், 10 தடவை. அடுத்து ஒரு காலை லேசாகத் தூக்கி 10 எண்ணுங்கள், பிறகு மற்றக் கால். பிடி தளர்த்த அவசரம் வேண்டாம். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள், முதலில் கை ஊன்றி, சில வாரம் கழித்து ஊன்றாமல். ஏற்கனவே விழுந்திருந்தாலோ தலை சுற்றினாலோ டாக்டரைப் பார்த்த பிறகுதான் இதெல்லாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள், உங்கள் ஊர் நர்ஸிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.

அதுவரை முக்காலியில் உட்கார்ந்து திண்ணையில் கோலம் போடுங்கள். டப்பா திரும்பக் கிடைத்து வாசலில் போட்டு எழுந்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், எத்தனை புள்ளி என்றும்.