பங்குனியில் உதிரும் இலைகள்: தென்னாப்பிரிக்க இலையுதிர் காலத்து வீட்டலங்காரம், கைவேலை, பேக்கிங் குறித்த கேள்வி பதில்

நம் நாட்டில் மார்ச், ஏப்ரல், மே ஆகிய மூன்று மாதங்களும் இலையுதிர் காலம். பங்குனியும் சித்திரையும் வைகாசியும் இங்கே குளிர் எட்டிப்பார்க்கும் மாதங்கள். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் அக்டோபர் மாதத்துப் படங்களைப் பார்த்துவிட்டு, அதே பொருள்களை டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் தேடி அலைந்தவர்களின் கேள்விகள் என்பது படித்தவுடனே தெரிந்தது. ஆகவே என் பதில்கள் இந்த மண்ணில் இந்த மாதங்களில் கைக்கு எட்டும் பொருள்களை வைத்தே அமையும்.

லெனேசியாவிலிருந்து: எங்கள் தெருவில் உள்ள பிளேன் மரத்து இலைகளையும் ஓக் இலைகளையும் பிள்ளைகள் பொறுக்கி வந்தார்கள். இரண்டு நாளில் எல்லாம் சுருண்டு பொடிந்துவிட்டன. வாசலில் தோரணமாகக் கட்ட வேண்டுமானால் என்ன செய்வது, அம்மா?

தரையில் விழுந்து காய்ந்த இலையைக் காப்பாற்ற வழியில்லை. நிறம் மாறியிருந்தும் இன்னும் வளைந்து கொடுக்கும் இலையைத்தான் எடுக்க வேண்டும். அதைக் காலையிலேயே, பனி ஈரம் உலர்ந்தபின் எடுத்துவிடுவது நல்லது. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள ஹைவெல்ட் உயர்நிலத்தின் வறண்ட காற்றில் பிற்பகலுக்குள் அது மொரமொரப்பாகிவிடும்.

படத்தில் ஒட்டுவதற்கும் வாழ்த்து அட்டை செய்வதற்கும் பழைய செய்தித்தாள்களுக்கு இடையில் இலைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி வைத்தால் போதும். மறுநாளே தாளை ஒருமுறை மாற்றிவிடுங்கள்; இலையின் ஈரத்தில் பெரும்பகுதி முதல் நாளிலேயே வெளியேறிவிடும் என்பதால், ஈரத்தாளிலேயே விட்டால் கரும்புள்ளி விழும். பத்து நாளில் இலை தட்டையாகி நிறத்தோடு நிற்கும். ஆனால் இப்படிக் காயவைத்த இலை எளிதில் ஒடியும், தோரணத்திற்கு ஆகாது.

தோரணத்திற்கு கிளிசரின்தான் ஏற்றது. மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்கு, சுடுநீர் இரண்டு பங்கு என்ற கணக்கில் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி, ஆறியபின் இலைகளை முழுவதும் மூழ்கும்படி வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து அழுத்துங்கள். மூன்று முதல் ஐந்து நாள்களில் நீர் ஆவியாகி வெளியேறும் இடத்தில் கிளிசரின் இலைக்குள் ஏறிவிடும். எடுத்துத் துடைத்துப் பார்த்தால் இலை மெல்லிய தோலைப் போலத் துவளும். சிவப்பும் மஞ்சளும் சற்று மங்கி வெண்கல நிறத்திற்குப் போகும். அதை விரும்பாதவர்கள் இந்த முறையைத் தொட வேண்டாம். எனக்கு அந்த வெண்கல நிறமே பிடித்தமானது. பிறகு மாவிலைத் தோரணம் கட்டுவது போலவே காம்பைச் சணல் கயிற்றின்மேல் மடித்து, ஈர்க்குச்சியால் குத்தி நிறுத்தலாம். பிளேன் மரத்தின் உருண்டைக் காய் கிடைத்தால் அதையும் சேர்த்துக் கட்டுங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: டர்பனில் மரங்கள் சிவப்பதே இல்லையே! எங்களுக்கு இலையுதிர் கால அலங்காரம் என்பது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். இலையில் பச்சையம் சிதையும்போது உள்ளே முன்பே இருக்கும் மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. சிவப்போ, வெயில் நிறைந்த பகலும் குளிர்ந்த இரவும் சேரும்போது இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து புதிதாக உருவாகிறது. கடலோரத்தில் இரவுகள் அவ்வளவாகக் குளிர்வதில்லை என்பதால் டர்பனில் அந்த வண்ணம் பரவலாக வருவதில்லை. ஆனாலும் தோட்டங்களில் உள்ள ‘பிரைட் ஆஃப் இந்தியா’ மரத்தின் இலைகள் இந்த மாதங்களில் செம்மஞ்சளாக மாறுவதைப் பார்க்கலாம். அம்மன் வழிபாட்டில் வேப்பிலைக்குப் பதிலாக நம்மவர்கள் பயன்படுத்தும் சிரிங்கா மரமும் மஞ்சளாகி இலையைக் கொட்டும்.

டர்பன் வீட்டுக்கு நான் சொல்லும் அலங்காரம் கிழங்கும் காயும்தான். மார்ச்சுக்குப் பின் சந்தைக்கு வரும் மடும்பியை (நம் சேப்பங்கிழங்கின் இனம்) மண்ணைத் தட்டிவிட்டு, அந்தப் பழுப்பு நிற நாருடனேயே பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, பக்கத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பட்டர்நட் பூசணியையும் வைத்து, சுற்றிலும் சாமந்தி மாலையை வளைத்துவிடுங்கள். நான்கைந்து நாள் கூடத்தில் இருந்துவிட்டுப் பிறகு புளிக்குழம்புக்குப் போகட்டும். விலை கொடுத்து வாங்கும் நெகிழி இலைகளைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைக்கும் செம்மஞ்சள் பூசணி கடையில் கிடைக்கவில்லை. சாம்பல் நிறத் தட்டைப் பூசணிதான் இருக்கிறது. அதில் செதுக்கலாமா?

முகம் செதுக்கும் வழக்கம் அக்டோபர் 31-ஆம் தேதியைச் சார்ந்தது. அது நமக்கு வசந்த காலம். தட்டைப் பூசணியின் தோல் மிகக் கடினமானது, கத்தி வழுக்கிக் கையைக் கிழிக்கும். செதுக்கிய பூசணி சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து இளகிவிடும் என்பது இன்னொரு கேடு.

அதே பூசணியைச் செதுக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். காம்பு முழுதாக உள்ளதாகப் பார்த்து வாங்கி, ஒரு வாரம் வெயிலில் திருப்பித் திருப்பி வைத்துத் தோலை இறுகச் செய்து, பிறகு நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் தரையில் படாதபடி பலகைமேல் வையுங்கள். சாம்பல் தோலில் வண்ணச் சுண்ணக்கட்டியால் கோலம் போட்டால் அழகாக எடுத்துக் காட்டும். அரிசிமாவுக் கரைசல் வேண்டாம். எறும்பு வரும், ஈரத்தில் பூஞ்சையும் வரும். சமைக்கும் நாளில் சுண்ணத்தைக் கழுவித் தோலைச் சீவிவிட்டால் உள்ளே நல்ல ஆழ்ந்த மஞ்சள் சதை காத்திருக்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து: பங்குனி உத்திரக் காவடிக்காக வீட்டில் விரதம். முட்டை சேர்க்க முடியாது. இந்தப் பருவத்திற்கு ஏற்ற கேக் ஒன்று சொல்லுங்கள், அம்மா.

பட்டர்நட் கேக் செய்யுங்கள். பட்டர்நட்டை வேகவைக்காமல், நீளவாக்கில் பிளந்து, வெட்டிய பக்கம் கீழாக வைத்து, 200 டிகிரியில் முக்கால் மணி நேரம் ஓவனில் சுட்டு எடுப்பதுதான் இதில் முக்கியமான வேலை. நீரில் வேகவைத்தால் சதை தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கேக் எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் களியாகவே இருக்கும். சுட்ட சதையை மசித்து 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதில் 150 கிராம் பொடித்த வெல்லம் அல்லது பழுப்புச் சர்க்கரை, 100 மில்லி சூரியகாந்தி எண்ணெய், 120 மில்லி மாஸ் ஆகியவற்றைக் கலந்து அடியுங்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கும் இந்தப் புளித்த பால் சோடாவோடு வினைபுரிந்து வாயுவை எழுப்புவதால், முட்டை இல்லாத குறையைப் பெரிதும் ஈடுகட்டுகிறது. தனியாக 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி பட்டைப் பொடி, அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, நான்கு ஏலக்காய் விதைகளின் பொடி ஆகியவற்றைச் சலித்து, ஈரக் கலவையில் சேர்த்து, மாவுத் திட்டுகள் மறையும் வரை மட்டும் கிளறுங்கள். அதற்குமேல் கிளறினால் கேக் ரப்பராகும். நெய் தடவிய நீளத் தகரத்தில் ஊற்றி, 180 டிகிரியில் 50 முதல் 55 நிமிடம் வரை வைத்து, குச்சியைக் குத்திப் பார்த்து எடுங்கள். மேற்பரப்பில் நீளவாக்கில் ஒரு பிளவு விழும், அது குறையன்று. மறுநாள் வெட்டினால் மணம் இன்னும் கூடியிருக்கும்.

பிரிட்டோரியா லாடியத்திலிருந்து: டர்பனில் உள்ள அக்கா சொல்லும் அளவிலேயே செய்கிறேன். அவருக்கு நன்றாக வரும் கேக் எனக்கு மட்டும் பொங்கி எழுந்து நடுவில் குழிவிழுகிறது. என் ஓவனில் கோளாறா?

பெரும்பாலும் ஓவனில் கோளாறு இராது. பிரிட்டோரியா கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்திலும், ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டருக்கும் மேலும் இருக்கின்றன. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு வேகமாக விரிகிறது. சுற்றியுள்ள மாவு வெந்து இறுகுவதற்குள் அது உச்சிக்குப் போய், தாங்க ஆளில்லாமல் அமுங்குகிறது. நீரும் விரைவில் ஆவியாவதால் கேக் வறண்டும் போகும்.

அக்காவின் அளவில் பேக்கிங் பவுடரையும் சோடாவையும் தேக்கரண்டிக்கு எட்டில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறையுங்கள். ஒரு கப் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி மாஸ் கூடுதலாக விடுங்கள். ஓவன் சூட்டை 10 டிகிரி உயர்த்தி, ஐந்து நிமிடம் முன்னதாகவே குச்சியைக் குத்திப் பாருங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் பேக்கிங் பவுடரைக் குறைத்துப் பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது.

கேப் டவுன் ரைலண்ட்ஸிலிருந்து: அக்கம்பக்கத்து வீட்டார் ஒரு கூடை குவின்ஸ் பழம் கொடுத்தார்கள். கடிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?

உங்களுக்குக் கிடைத்தது இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த பரிசு. முதலில் ஈரத்துணியால் மேலே உள்ள சாம்பல் நிறப் பஞ்சைத் துடைத்துவிட்டு, மஞ்சள் தோல் மின்னும்படி ஒரு கிண்ணத்தில் வைத்து, கூடத்தில் ஒரு வாரம் விடுங்கள். அறை முழுவதும் மணக்கும். வாசனை மெழுகுவத்தி வாங்கத் தேவையில்லை.

பிறகு நான்கைத் தோல் சீவி, நடுத்தண்டை நீக்கி, கீற்றுகளாக நறுக்குங்கள். சதை உடனே பழுப்பாகும் என்பதால் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டு வையுங்கள். தோலையும் விதைகளையும் மெல்லிய துணியில் முடிந்து, பழத்தோடு பாத்திரத்தில் போட்டு, மூழ்குமளவு நீரும் ஒரு கப் சர்க்கரையும் ஒரு பட்டையும் சேர்த்து மிகச் சிறிய தீயில் வையுங்கள். முதல் அரைமணி நேரம் கீற்றுகள் வெளிறிய தந்த நிறத்தில்தான் இருக்கும். பலர் இந்தக் கட்டத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். பொறுத்திருந்தால் ஓரங்களில் ரோஜா நிறம் படரத் தொடங்கி, இரண்டு மணி நேரத்திற்குப் பின் முழுவதும் செம்பவள நிறமாகும். பழத்தின் துவர்ப்புப் பொருள்கள் நீண்ட நேரச் சூட்டில் சிவப்பு நிறமிகளாக மாறுவதே காரணம். துணி முடிப்பிலிருந்து இறங்கும் பெக்டின், பாகைத் தானே கெட்டியாக்கும். இரண்டு பழங்களை மட்டும் ஒதுக்கி வைத்துத் துருவி, உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பிசைந்தால், கேப் மலாய் வீடுகளில் செய்யும் சம்பல் கிடைக்கும்; நம் சோற்றுக்கும் பொருந்தும்.

டர்பன் வடக்கிலிருந்து: சித்திரை முதல் நாள் கனித் தட்டுக்கு மாங்காய் கிடைப்பதில்லை. என்ன வைக்கலாம்?

ஏப்ரல் 14-ஆம் தேதிக்குள் இங்கே மாம்பழப் பருவம் முடிந்துவிடும் என்பதால் இந்தத் தவிப்பு பலருக்கும் உண்டு. மாதுளை, கொய்யா, சீமைப் பனிச்சை (பெர்சிமன்), முதல் வரத்தாக வரும் நார்ச்சி (தோல் எளிதில் உரியும் சிறு ஆரஞ்சு) ஆகியவற்றை வையுங்கள். நிறத்தில் தட்டு நிறைந்துவிடும். பச்சடிக்குப் புளிப்பான பச்சை ஆப்பிளையோ குவின்ஸையோ வெல்லப்பாகில் வேகவைக்கலாம். வேப்பம்பூ உலர்ந்ததாக இந்தியக் கடையில் கிடைத்தால் ஒரு சிட்டிகை போதும். வேப்பம்பூவுக்குப் பதிலாகச் சிரிங்காப் பூவையோ இலையையோ சமையலில் ஒருபோதும் சேர்க்க வேண்டாம். அதன் மஞ்சள் பழங்களும் நச்சுத்தன்மை உடையவை. மாலை கோக்கவென்று பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், நாய் வளர்ப்பவர்கள் முற்றத்திலிருந்தும் பெருக்கிவிடுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து: விடுமுறைக்கு டர்பன் போகிறோம். உறவினர்களுக்கு அலங்காரத்திற்காகப் பட்டையோடு கூடிய ஓக், மேப்பிள் கிளைகளையும், சாலையோரத்துப் பம்பாஸ் புல் கதிர்களையும் கொண்டு போகலாமா?

இரண்டும் வேண்டாம். மரத்தைத் துளைத்துப் பூஞ்சையைப் பரப்பும், சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு வண்டு, 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தின் பிளேன் மரங்களில் கண்டறியப்பட்டது. அதன்பின் ஜோகன்னஸ்பர்க்கிலும் ஏராளமான மரங்களைத் தாக்கியிருக்கிறது. கிளையும் விறகும் ஊர்விட்டு ஊர் போவதுதான் அது பரவ எளிய வழி. பம்பாஸ் புல்லோ, ஆக்கிரமிப்புத் தாவரங்களின் சட்டப் பட்டியலில் உள்ளது. காரின் சன்னல் வழியே விதை பறந்தால் வழியெல்லாம் முளைக்கும். உலர்த்திய இலைகளைத் தாராளமாகக் கொண்டு போகலாம். மார்ச் முதல் ஹைவெல்டுச் சாலையோரங்களில் பூக்கும் காஸ்மாஸ் மலர்களைப் பறித்து அன்றே தாளுக்குள் அழுத்தினால், வெள்ளையும் இளஞ்சிவப்பும் நன்றாகத் தங்கும். கண்ணாடிச் சட்டத்தில் வைத்துக் கொடுங்கள்.

அதே ஊரிலிருந்து: காய்ந்த இலைகளுக்கு நடுவில் குத்துவிளக்கு ஏற்றலாமா?

கூடாது. விளக்கைத் தண்ணீர் ஊற்றிய அகன்ற தட்டில் நிறுத்தி, இலைகளை ஒரு முழம் தள்ளியே வையுங்கள். திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் விளக்கின் இடத்தையே மாற்றிவிடுங்கள்.

டோங்காட்டிலிருந்து: மாலைத் தேநீருக்கு நான் செய்யும் ரஸ்க் மூன்றாம் நாளே நமுத்துப் போகிறது.

துண்டுகள் உள்ளே முழுமையாக உலர்வதற்குள் எடுத்துவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. ஓவனை 90 டிகிரியில் வைத்து, துண்டுகளை இடைவெளி விட்டுக் கம்பித் தட்டில் அடுக்கி, ஈரம் வெளியேறக் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, ஐந்தாறு மணி நேரம் விடுங்கள். ஒன்றை ஒடித்துப் பார்க்கும்போது நடுவில் சிறிதும் மென்மை இருக்கக்கூடாது. முழுவதும் ஆறியபின்தான் டின்னில் அடைக்க வேண்டும். டர்பன் கரையோரத்து ஈரக்காற்றில் ஒரு இரவு மூடாமல் விட்டாலும் மறுபடி ஓவனுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.