உப்புக்காற்றைத் தாங்கும் பூச்செடிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கொல்லையில் பரங்கிக்கொடி நன்றாகப் பூத்தும் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்துவிடுகின்றன. தேனீக்கள் வரட்டும் என்று நர்சரியில் வாங்கி வைத்த பூச்செடிகளும் சித்திரை வெயிலில் கருகிவிட்டன. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளைச் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: பரங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியானவை. விடியலில் விரியும் பூ முற்பகலுக்குள் வாடிவிடும் என்பதால், அந்தச் சில மணி நேரத்துக்குள் பூச்சி வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் பிஞ்சு நிற்காது. இப்போதைக்கு, காலையில் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள்.

நிலையான தீர்வு உங்கள் ஊர்ச் சாலையோரத்திலேயே நிற்கிறது. மணலையும் உவர்நீரையும் உப்புக்காற்றையும் தாங்கிப் பழகிய செடிகள் இருக்க, குளிர்ப் பகுதிக்குரிய பூச்செடிகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் ஆவாரையை நடுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத்தேனீ பூவை இறுகப் பற்றிக்கொண்டு, இறக்கைகளை அடக்கி, மார்புத் தசைகளை மட்டும் அதிரவிடுவதைக் காலை வேளையில் அருகில் நின்று பார்க்கலாம். ரீங்காரத்தின் சுருதி சட்டென்று ஏறும், மஞ்சள் தூள் சிதறி அதன் வயிற்றில் படியும். கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் இவ்வாறே மகரந்தத்தை உதிர்ப்பவை. நம் அடுக்குத்தேனீயால் இதைச் செய்ய இயலாது. ஆகவே, கத்தரிப் பாத்திக்கு அருகில் ஆவாரை நிற்பது பெரிய பலம்.

தேனுக்கு வேறு செடிகள் வேண்டும். ஈரம் தங்கும் இடத்தில் பொடுதலையைப் படரவிட்டால் சிறு தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வரும். வேலியோரத்தில் நொச்சிப் போத்துகளை ஊன்றலாம். வெறும் மணலுக்கு அடும்பங்கொடியே பொருத்தம். ஆனால் கடற்கரை மணல்மேட்டைப் பிடித்து நிறுத்துவதே அந்தக் கொடிதான் என்பதால், அங்கிருந்து வேரோடு பிடுங்காமல், கணுக்கள் உள்ள இரண்டொரு தண்டுகளை மட்டும் வெட்டி வாருங்கள். எருக்கையும் ஓர் ஓரத்தில் விட்டுவையுங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்றே வளர்கிறது. எருக்கம்பால் கண்ணில் படாமல் கவனம் தேவை.

நமக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் என்பதால், ஐப்பசியில் நட்டால் தை மாதத்துக்குள் வேர் ஆழமாக இறங்கிவிடும். ஆவாரை விதையின் தோல் கடினமானது. சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து ஊன்றுங்கள். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் வேலி முழுவதும் சீமைக்கருவேலம். அதன் பூவில் தேனீக்கள் மொய்க்கின்றன. வெட்டலாமா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: வெட்டலாம், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். தேனீக்களுக்கு அதுவும் உணவுதான் என்பதை மறுக்க முடியாது. எனினும் அது அடர்ந்த இடத்தில் நம் மண்ணின் செடிகள் தலையெடுப்பதில்லை. வேலியில் ஒரு பகுதியை வேரோடு தோண்டி எடுத்து, அங்கே உடை மரமும் நொச்சியும் வைத்து, அவை பூக்கத் தொடங்கிய பின் அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். வேரை விட்டால் மீண்டும் துளிர்க்கும்.

கேள்வி: தேனீப் பெட்டி அவசியமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தேன் எடுப்பது நோக்கமில்லை என்றால் அவசியமில்லை. தனித்து வாழும் தேனீக்களில் பல, வெறும் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. கருவண்டு பட்ட மரத்தைக் குடைந்து கூடு வைக்கிறது. ஆகவே கொல்லை முழுவதும் சிமெண்ட் பூசாமல் ஒரு மூலையைக் கொத்தாமல் விட்டு, காய்ந்த முருங்கைக் கட்டை ஒன்றையும் அங்கே சாய்த்து வையுங்கள். மருந்து தெளித்தே ஆக வேண்டும் என்றால், அது வேப்பெண்ணெய்க் கரைசலாகவே இருந்தாலும், தேனீக்கள் கூடு திரும்பிய பின் அந்தி நேரத்தில், பூக்களின் மேல் படாமல் தெளியுங்கள்.