அமைச்சர் மேசைக்கு வராத கோப்பு

அன்புள்ள ஐயா,

எங்கள் தோட்டத்தில் தேர்தல் பேச்சு வந்தாலே பெரியவர்கள், "யாருக்குப் போட்டாலும் நாட்டை நடத்துறது உளவுத்துறைக்காரன்தான்" என்கிறார்கள். சம்பளத்துக்காகக் கூட்டம் போட்டால் மறுநாள் சிவில் உடையில் ஆள் வந்து பெயர்களை விசாரிக்கிறார். எங்கள் பிரதேச சபை உறுப்பினர் வாயே திறப்பதில்லை. பிறகு எதற்கு வாக்கு?

வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள நண்பருக்கு,

பெரியவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் உளவுத்துறை, அமைச்சருக்குக் கட்டளை போட வேண்டியதே இல்லை. எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகலாம் என்பதை அது முடிவு செய்தால் போதும்.

நம் மலையிலேயே நடந்திருக்கிறது. மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்துக்குத் துரை வேலை பழக வந்த வெள்ளைக்கார இளைஞர் பிரேஸ்கேர்டில், தொழிலாளர் பக்கம் சேர்ந்து, 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத்துரைமாரைத் தாக்கிப் பேசினார். பொலிஸார் அதை எழுதிக்கொண்டு போனார்கள். சில வாரங்களில் பிரித்தானிய ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அப்போது சர்வசன வாக்குரிமையில் தெரிவான அரசாங்க சபை இருந்தது, உள்துறை அமைச்சரும் இருந்தார். தன்னைக் கேட்கவே இல்லை என்றார் அந்த அமைச்சர் டி.பி. ஜயதிலக. விஷயம் வெளியே வெடித்ததால்தான் சபை ஆளுநரைக் கண்டித்தது, உயர் நீதிமன்றமும் பிரேஸ்கேர்டிலை விடுவித்தது.

2019க்கு வாருங்கள். ஏப்ரல் 4 அன்றே இந்தியாவிலிருந்து அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களில் 250க்கு மேற்பட்டோர் செத்தார்கள். பிரதமரோ பல மாதங்களாகத் தேசியப் பாதுகாப்புச் சபைக்கு அழைக்கப்படாமல் இருந்தார். மக்கள் தெரிவுசெய்த அரசின் பிரதமர்! இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2023இல் உயர் நீதிமன்றம், அரச புலனாய்வுச் சேவையின் முன்னாள் தலைவர் சொந்தப் பணத்தில் 7.5 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அந்நாட்டு உளவுத்துறையான சிஐஏயின் சித்திரவதைகளை விசாரித்த செனட் (நாடாளுமன்ற மேலவை) குழுவின் கணினிகளுக்குள்ளேயே சிஐஏ புகுந்து பார்த்தது. 2014இல் அதன் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது, கேள்வி கேட்க அதிகாரமுள்ள ஒரு குழு அங்கே இருந்ததால்.

சரி, உங்கள் வாக்கு. பிரதேச சபைக்குப் பொலிஸ் மீது அதிகாரமில்லை, அந்த உறுப்பினரை விடுங்கள். உங்கள் வாக்கில் தெரிவாகும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அமைச்சரிடம் சபையில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. விசாரிக்க வந்தவர் எந்தப் பிரிவு, யார் அனுப்பியது, என்ன திகதி என்று எழுதி அந்த நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். ஒரு பிரதியை கண்டியிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.