ரிங்கிட் ஏறியும் டிரில் விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வீடு புதுப்பிக்கும் வேலைகளைச் சிறு அளவில் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறேன். 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில் ஒன்றும், 4 அங்குல கிரைண்டர் இரண்டும் வாங்க வேண்டும். டாலருக்கு எதிராக ரிங்கிட் ஏறியிருக்கிறது, ஆனால் கடையில் பழைய விலையைத்தான் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? காத்திருக்கலாமா, வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை. இன்று அலமாரியில் இருக்கும் டிரில்லுக்கு இறக்குமதியாளர் நாலைந்து மாதங்களுக்கு முன்பே பணம் கட்டியிருப்பார். ஆர்டர் கொடுக்கும்போது முன்பணம், கப்பலில் ஏற்றியதும் மீதி என்று இரு தவணையாகக் கட்டுவது வழக்கம். அப்படியானால் ஒரே சரக்கில் இரண்டு நாள்களின் மாற்று விகிதம் கலந்திருக்கும். வங்கியில் மூன்று, ஆறு மாதங்களுக்கு விகிதத்தை முன்கூட்டியே பூட்டி வைத்தவருக்கு இன்றைய விகிதத்தால் எந்த லாபமும் இல்லை. நீங்கள் கைப்பேசியில் பார்ப்பது சந்தையின் நடுவிகிதம். வங்கி அவருக்கு டாலர் விற்பது அதைவிடக் கூடுதல் விலைக்கு.

கணக்காகப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் ஒரு டாலர் ஏறக்குறைய 4.80 ரிங்கிட், அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஏறக்குறைய 4.12. கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 60 டாலருக்கு வந்து இறங்கும் ஒரு டிரில்லை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள். 4.80இல் அது 288 வெள்ளி, அதாவது ரிங்கிட். விற்பனை வரி 10 விழுக்காடு என்று வைத்தால் 316.80. கிடங்கு வாடகை, லாரி, சம்பளம், உத்தரவாதப் பழுதுபார்ப்புக்கு 60 வெள்ளி சேர்த்தால் 376.80. அதன்மேல் விநியோகஸ்தரும் கடையும் சேர்ந்து 30 விழுக்காடு வைத்தால் விலை 490 வெள்ளியைத் தொடும். 4.12இல் இதே கணக்கைப் போட்டால் சுமார் 432. டாலர் 14 விழுக்காடு இறங்கியும் டிரில் 12 விழுக்காடுதான் இறங்குகிறது. அந்த 60 வெள்ளி முழுக்க ரிங்கிட் செலவு, டாலர் இறங்கினாலும் அது இறங்காது.

அதே 2024 முடியும்போது டாலர் மறுபடி 4.47 பக்கம் போய்விட்டது. செப்டம்பரில் அவசரப்பட்டு விலைப்பட்டியலைத் திருத்திய இறக்குமதியாளர் டிசம்பரில் கையைச் சுட்டுக்கொண்டிருப்பார். விகிதம் ஓரிடத்தில் நிலைத்து நிற்கும்வரை அவர்கள் பட்டியலைத் தொடத் தயங்குவது இதனால்தான். ரிங்கிட் சரியும்போது மட்டும் விலை சட்டென்று ஏறுவதற்கும் காரணம் உண்டு: பழைய சரக்கைப் பழைய விலைக்கே விற்றால், அந்தப் பணத்தில் அடுத்த சரக்கு வாங்க முடியாது. நியாயம்தான், ஆனால் ரிங்கிட் ஏறி ஆறு மாதம் கழித்தும் விலை அசையவில்லை என்றால் லாபம் யாரோ ஒருவரின் பையில் தங்குகிறது. அப்போது தாராளமாகப் பேரம் பேசுங்கள்.

எந்த நாணயத்தைக் கவனிப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். மக்கித்தா ஜப்பானிய நிறுவனம் என்பதால் யென் விழுந்தால் விலை இறங்கும் என்று நினைப்பார்கள். அதற்குச் சீனாவிலும் தாய்லாந்திலும் ருமேனியாவிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பெட்டியில் பெயரைப் பார்க்காதீர்கள், கருவியின் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டில் எங்கே செய்யப்பட்டது என்று பாருங்கள். சீனத் தயாரிப்பு என்றால் பட்டுவாடா பெரும்பாலும் டாலரிலோ யுவானிலோதான். நம் பாயான் லெப்பாஸிலேயே போஷ் மின்கருவித் தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் மோட்டாரில் சுற்றும் செம்புக்கு உலகச் சந்தையில் டாலரில்தான் விலை சொல்கிறார்கள்.

உங்கள் பட்டியலில் கிரைண்டரை இப்போதே வாங்கிவிடலாம். விலை குறைந்த பொருளில் 12 விழுக்காடு என்பது சில வெள்ளிகள்தான். கருவி இல்லாமல் ஒருநாள் வேலை நின்றால் அதைவிட அதிகம் போகும். டிரில்லுக்கு மட்டும் இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள், புதுச் சரக்கு எப்போது வருகிறது என்றும் விசாரியுங்கள். ஏற்கனவே அதே பிராண்டில், அதே வரிசையில் பேட்டரியும் சார்ஜரும் வைத்திருந்தால் வெறும் உடம்பை மட்டும் கேளுங்கள். முழு செட்டின் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே போகிறது. அதில் மிச்சமாகும் தொகை எந்த விகித மாற்றத்தைவிடவும் பெரிது.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கடன் அட்டையின் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் தனி. இங்குள்ள முகவர் உத்தரவாதத்தை ஏற்காமல் போகலாம். எல்லாவற்றையும்விட மோசம் மின்னழுத்தம்: ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கான சார்ஜர் 100 வோல்ட்டுக்கு உரியது. முள்ளை மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். பேட்டரி 18 வோல்ட் என்று பெட்டியில் இருப்பதை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள்; சார்ஜரின் தகட்டில் உள்ளீடு 220–240 வோல்ட் என்று இருக்க வேண்டும்.