மகளின் வயிறும் அறிதுயிலும்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. திண்டுக்கல்லில் இருந்து தினமும் மதுரைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறாள். மூன்று வருடமாக வயிறு அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. கிளம்புவதற்குள் நான்கு தடவை கழிவறைக்கு ஓடுகிறாள். வழியில் வந்துவிடுமோ என்ற பயத்தில் காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ‘ஐ.பி.எஸ்.’ (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் தொல்லை) என்று சொல்லி மாத்திரை தருகிறார்கள். நிறுத்தினால் திரும்ப வருகிறது. தெரிந்தவர் சொல்லி ஒரு ஹிப்னோதெரபிஸ்டைப் பார்த்தோம். “பூர்வஜென்மத்துக்குக் கூட்டிப்போய்க் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பத்து சிட்டிங், நாற்பதாயிரம்” என்கிறார். மயக்கத்தில் பெண் எதையாவது உளறிவிடுவாளோ, அவர் சொற்படி ஆடுவாளோ என்று பயமாக இருக்கிறது. இந்தச் சிகிச்சை உண்மையிலேயே பலிக்குமா? யாருக்குப் பலிக்கும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி,

அந்த நாற்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அதற்காக ஹிப்னோதெரபியையே ஒதுக்கிவிடவும் வேண்டாம். அந்தச் சிகிச்சை நன்றாகக் கைகொடுக்கும் தொல்லைகளில் உங்கள் மகளுடையதும் ஒன்று. நீங்கள் போன இடம்தான் தவறு.

உங்கள் பயத்தில் பாதிக்கு ‘ஹிப்னோ’ என்ற அந்தப் பெயர்தான் காரணம். 1840களில் மான்செஸ்டரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், கிரேக்கர்களின் தூக்கக் கடவுளான ஹிப்னோஸை வைத்து ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். சில ஆண்டுகளிலேயே, இது தூக்கம் அல்ல, மனம் ஒரே எண்ணத்தில் குவிவது என்று உணர்ந்து பெயரை மாற்றப் பார்த்தார். அதற்குள் பழைய பெயர் நிலைத்துவிட்டது. தமிழில் இதற்கு ‘அறிதுயில்’ என்கிறோம். அரங்கத்தில் பள்ளிகொண்டவனுக்குச் சொல்லும் அதே சொல். பார்க்கத் தூக்கம் போலிருக்கும். உள்ளே அறிவு விழித்திருக்கும். பிரெய்டு தேடிய பொருள் நம் சொல்லில் இருக்கிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

மார்கழியில் பெரிய சிக்குக் கோலம் போட உட்கார்ந்திருப்பீர்கள். புள்ளியும் இழையும் தவிர வேறெதுவும் மனதில் இருக்காது. பால்காரர் கூப்பிடுவது எங்கோ தூரத்தில் கேட்கும். ஆனால் தெருவில் மாடு மிரண்டு வந்தால் உடனே எழுந்துவிடுவீர்கள். உங்கள் மகள் அந்த நாற்காலியில் இருக்கப்போவதும் ஏறக்குறைய இப்படித்தான். சொல்ல விரும்பாததைச் சொல்ல மாட்டாள். பிடிக்கவில்லையென்றால் கண்ணைத் திறந்து எழுந்து வந்துவிடலாம். ஹிப்னாடிச மேடை நிகழ்ச்சிகளில் ஆட்டுவிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அங்கே கூட்டத்திலிருந்து, சொன்னதைச் சட்டென்று பற்றிக்கொள்கிறவர்களாக, மேடையேற ஆசையுள்ளவர்களாகப் பார்த்துத்தான் பொறுக்கி எடுக்கிறார்கள்.

சரி, வெறும் வார்த்தை வயிற்றை எப்படித் தொடும்? கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, ஒரு துண்டைப் பல்லில் வைத்துக் கடிப்பதாக நினைத்துப் பாருங்கள். வாயில் நீர் ஊறியிருக்கும். ‘ஊறு’ என்று எச்சிலுக்கு யாராலும் உத்தரவு போட முடியாது. காட்சி வந்தால் தானாக ஊறும். குடலும் அப்படித்தான், உத்தரவுக்கு அடங்காது; மனதில் எழும் காட்சிக்கு இசையும்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களின் குடல் ஸ்கேனில் பழுதில்லாமல்தான் இருக்கும். பலருக்குச் சிக்கல், குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் செய்தியில். மற்றவர்கள் உணரவே உணராத சிறு வாயு அசைவுகூட இவர்களுக்கு வலியாகவும் அவசரமாகவும் தெரியும். பயந்தால் குடல் இன்னும் முடுக்கிக்கொள்ளும்; அது முடுக்கிக்கொண்டதும் பயம் கூடும். பஸ்ஸில் கழிவறை இல்லை என்ற ஒரு நினைப்பே போதும். உங்கள் மகள் நடிக்கவில்லை, சகோதரி. “எல்லாம் உன் மனப்பிரமை” என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சை இந்தச் சுழலில்தான் கைவைக்கிறது. மூச்சைக் கவனித்து உடலைத் தளரவிட்ட பிறகு, வயிற்றில் கை வைத்து அதன் கதகதப்பு உள்ளே பரவுவதாக உணரச் சொல்வார்கள். கரைபுரளும் ஆறு மெல்ல மெல்லத் தணிந்து ஓடுவதாகக் காணச் சொல்வார்கள். வாரம் ஒருமுறை, மொத்தம் ஏழு முதல் பன்னிரண்டு முறை. வீட்டில் தினமும் ஒலிப்பதிவைக் கேட்டுப் பழக வேண்டும். இந்தப் பழக்கம்தான் முக்கியம். நீச்சல்போல இது அவள் கற்றுக்கொள்ளும் வித்தை. கற்பவர் ஆற்றில் இறங்காமல் ஆசிரியர் என்ன செய்ய முடியும்?

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1984இல் அதே மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர், மருந்துக்கு அடங்காத 30 ஐ.பி.எஸ். நோயாளிகளைப் பிரித்து, 15 பேருக்கு அறிதுயில் சிகிச்சை கொடுத்தார். மற்ற 15 பேருக்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையும். அறிதுயில் பெற்றவர்கள் தெளிவாக முந்தினார்கள். பின்னாளில் அங்கே ஆயிரம் நோயாளிகளின் விவரத்தைத் தொகுத்தபோது ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தொல்லை கணிசமாகக் குறைந்திருந்தது. பன்னிரண்டு மாதம் மருந்து சாப்பிட்டும் குறையாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி 2008 முதல் சொல்கிறது. நான்கு பேரில் மீதி ஒருவருக்குப் பலிக்காமலும் போகலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு யாருக்கு உதவும் என்றால், முதலில் வலி. மயக்க மருந்து வருவதற்குச் சற்று முன்பு, 1845இல், வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர் இதன் முன்னோடியான மெஸ்மெரிசத்தை வைத்தே பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். இன்று பல் சிகிச்சை பயம், ஊசி பயம், அறுவைக்கு முந்தைய பதற்றம் ஆகியவற்றிலும் துணையாக நிற்கிறது. சிகரெட்டை விடுவதற்கு மற்ற வழிகளைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. மனச்சிதைவு போன்று நிஜத்தோடு தொடர்பு அறுபடும் நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக இது வேண்டாம்.

பூர்வஜென்ம விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். அறிதுயிலில் நினைவு துல்லியமாவதில்லை. கற்பனை பெருகுகிறது, கூடவே அது உண்மை என்ற உறுதியும் ஏறிவிடுகிறது. ‘உன்னை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள்’ என்று ஒரு கதையை மனதில் ஏற்றிவிட்டால், அதை இறக்கிவைக்க யார் வருவார்கள்? ஏற்கெனவே சாப்பிடப் பயப்படுகிற பெண் அவள்.

மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். “ஐ.பி.எஸ்.ஸுக்கு இந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?” என்று நேராகக் கேளுங்கள். மதுரை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இலும் இலவசமாகப் பேசலாம். வயிற்று மருத்துவரை விட்டுவிட வேண்டாம். மலத்தில் ரத்தம், எடை குறைதல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி – இவற்றில் எது வந்தாலும் முதலில் அவரிடம்தான் ஓட வேண்டும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெண் என்ன நினைக்கிறாள் என்று அதில் ஒரு வரி இல்லை. அவளாக விரும்பி உட்கார்ந்தால்தான் இந்தச் சிகிச்சை நடக்கும். இந்தப் பக்கத்தை அவளிடமே கொடுங்கள். படித்துவிட்டு அவள் சொல்வதை, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.