கனடாச் சிநேகிதிகளோடு கொழும்பில் மூன்று நாள்: காப்பை அடைவு வைக்கலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறேன், அரச பாடசாலை ஆசிரியை. கணவர் சிறிய வேலைத்தளம் நடத்துகிறார், இரண்டு பிள்ளைகள். என்னோடு படித்த சிநேகிதிகள் இரண்டு பேர் ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு ரொறன்ரோவில் இருந்து வருகிறார்கள். எல்லோரும் கொழும்பில் இரண்டு இரவு தங்கலாம் என்று காலிமுகத்திடலுக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் பார்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் பங்கு மட்டும் ஒன்றரை இலட்சம் வரும் போல. சேமிப்பில் 85,000 ரூபா கிடக்கிறது. டிசம்பரில் முடியும் 3 இலட்சம் நிலையான வைப்பை உடைக்கலாமா, காப்பை அடைவு வைக்கலாமா, இல்லாவிட்டால் அரச ஊழியருக்குத் தருகிற இடர் கடன் எடுக்கலாமா? வரமாட்டேன் என்று சொல்ல மனம் இல்லை.

பதில்: வரமாட்டேன் என்று சொல்லத் தேவையில்லை, கட்டாயம் போங்கள். ஆனால் மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள், என் பதில் மூன்றும் வேண்டாம் என்பதுதான். ஒன்றரை இலட்சம் என்பது டொலரில் சம்பளம் எடுப்பவர்கள் போட்ட கணக்கு. அதற்குக் காசு தேடுவதை விட்டுவிட்டு முதலில் அந்தத் தொகையையே மாற்றிப் பார்ப்போம்.

வைப்பை எடுத்துக்கொள்வோம். உங்கள் பத்திரத்தில் 8 சதவீத வட்டி என்று வைத்தால், எட்டு மாதத்துக்கு 16,000 ரூபா சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் இடையில் உடைத்தால் வங்கி அந்த வீதத்தைத் தராது, குறைத்துத்தான் போடும். அது 4 சதவீதம் என்றால் கைக்கு வருவது 8,000, பாதி போய்விட்டது (வட்டியில் பிடிக்கிற 10 சதவீத வரி வேறு). உண்மையான அவசரம் என்றால்கூட உடைக்காமல் அந்த வைப்பின் மேலேயே கடன் கேட்கலாம், நாலு மாதத்துக்கு 90,000 எடுத்தால் 11 சதவீதப்படி 3,300 ரூபாதான் வட்டி. ஆனால் இது அவசரம் இல்லையே. ஜனவரியில் புதுத் தவணைக்குச் சப்பாத்து, கொப்பி, டியூசன் காசு என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும்போது கைகொடுக்கப் போவது அந்த 3 இலட்சம்தான்.

இடர் கடன் 4.2 சதவீதம், இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. அதனால்தான் அதை இதற்கு எடுக்க வேண்டாம் என்கிறேன், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் முதலில் தேடப்போவது அதைத்தான், மூன்று நாள் சந்தோசத்துக்காக வருடக்கணக்கில் சம்பளத்தில் வெட்டு விழ விடுவானேன். காப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பவுண் விலை ஏறிக் கிடப்பதால் அடைவுக்கு நிறையக் காசு தருவார்கள், அந்த நிறையத்தான் ஆபத்து, தேவைக்கு மேலே எடுத்துவிட்டு வருடாவருடம் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்கிற ஆட்கள் நம்மில் எத்தனை பேர். கணவர் சீட்டுக் கட்டுகிறார் என்றால் அதையும் இதற்காகக் கூடுதலாகக் கழிவு விட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டாம்.

சரி, காசு எங்கே? மே, ஜூன், யூலை மூன்று சம்பளத்திலும் பத்தாயிரம் ஒதுக்குங்கள். சேமிப்பில் 35,000 எடுங்கள், மிச்சம் 50,000 அப்படியே கிடக்கட்டும். 65,000 கையில் இருக்கிறது. வெள்ளி இரவு சொகுசு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்பவும் பஸ் ஏறினால் அறைக்கு ஒரு இரவுக் காசுதான். சீற்றுக்கு 3,000 என்று போட்டாலும் நாலு பேர் போய்வர 24,000. வெள்ளவத்தையில் குடும்ப அறைக்கு 14,000, சாப்பாட்டுக்கு 16,000, ஓட்டோவுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் 6,000, ஆக 60,000. விலைகளை நீங்கள் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சிணுங்குவார்கள்தான், ஆனால் காலிமுகத்திடலில் பட்டம் விட்டு இறால் வடை சாப்பிடக் கடல் தெரிகிற அறை தேவையில்லை. சிநேகிதிகள் அந்த ஹோட்டலிலேயே தங்கட்டும், பகலில் எல்லோரும் ஒன்றாகத்தானே திரியப் போகிறீர்கள். இல்லை, நீயும் எங்களோடுதான் தங்க வேண்டும், அறைக் காசை நாங்கள் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் ரோசப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் ஒரு வேளை உங்கள் கணக்கு என்று முதலே சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்று, பல ஹோட்டல்களிலும் தாமரைக் கோபுரம் போன்ற இடங்களிலும் உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு டொலரில் வேறு விலை. எல்லாவற்றையும் கூட்டி மூன்றாகப் பிரித்தால் அவர்களுடைய டொலர் விலையில் ஒரு பங்கு உங்கள் தலையிலும் விழும். அதனால் நுழைவுச் சீட்டை அவரவர் வாங்கட்டும். பொதுச் செலவைக் குடும்பக் கணக்கில் பிரிக்காமல் ஆள் கணக்கில் பிரியுங்கள், பிள்ளைகளுக்கு அரைப் பங்கு. ஆண்களின் குடிவகை பில் இந்தக் கணக்கில் சேரவே கூடாது, இதை உங்கள் கணவரைவிட நீங்கள் சொல்வது நல்லது. கடனட்டையைத் தேய்த்துவிட்டுப் பிறகு பார்ப்போம் என்பதும் வேண்டாம், வருகிற மாதம் முழுதாகக் கட்டாவிட்டால் அந்த வட்டி இடர் கடனைவிடப் பல மடங்கு.

திகதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்னமே போய்வாருங்கள். கொடியேறினால் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு அசைய மாட்டார்கள், பஸ்ஸில் சீற்றும் கிடைக்காது. சிநேகிதிகளுக்கு இன்றைக்கே வட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்: "எங்களுக்கு 65,000க்கு உள்ளேதான் முடியும், நாங்கள் வெள்ளவத்தையில் தங்குகிறோம், சனி காலை பத்து மணிக்குச் சந்திப்போம்." அவர்கள் ஹோட்டலுக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இது போய்ச் சேர வேண்டும்.