பழைய வைப்ரஃபோன்: முதலில் பெடலை மிதியுங்கள்

கேள்வி: மகள் உயர்நிலை 2-இல் படிக்கிறாள். பள்ளி இசைக்குழுவில் தாளவாத்தியப் பிரிவில் இருக்கிறாள். வீட்டில் பழகுவதற்குப் பழைய வைப்ரஃபோன் (அலுமினியப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி) ஒன்று தேடுகிறோம். கேரோசல் இணையச் சந்தையில் இரண்டு கிடைத்தன. ஒன்று இரண்டரை ஸ்தாயி, புதிதுபோல் மின்னுகிறது. மற்றது மூன்று ஸ்தாயி, மங்கலாக இருக்கிறது, மோட்டார் ஓடாதாம், விலை குறைவு. எதை வாங்கலாம்?
— வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: பட்டைகளும் டேம்பரும் (பெடலை விட்டதும் பட்டைகளைத் தொட்டு ஒலியை அடக்கும், ஃபெல்ட் எனும் கம்பளித்துணி ஒட்டிய சட்டம்) சரியாக இருந்தால் மங்கலானதையே வாங்குங்கள். வைப்ரஃபோனுக்கு எழுதப்படும் இசை பெரும்பாலும் மூன்று ஸ்தாயியைக் கணக்கில் வைத்தது. நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-இல் தொடங்கி மொத்தம் 37 பட்டைகள். இரண்டரை ஸ்தாயிக் கருவியில் பெரும்பாலும் அடிச்சுரங்கள்தான் இருக்காது. பள்ளியில் வாசிக்கும் பகுதியை வீட்டில் பாதியில் விட வேண்டிவரும்.

மோட்டார் ஓடாதது பெரிய குறையில்லை. பட்டைகளுக்குக் கீழே தொங்கும் குழாய்களின் வாயில் உள்ள வட்டத் தகடுகளைச் சுழற்றி ஒலியை அலையவைப்பது மட்டுமே அதன் வேலை. ஜாஸ் கலைஞர் கேரி பர்ட்டன் அதைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தே வாசித்தவர். தொடக்க நிலையில் உங்கள் மகளுக்கு அது தேவைப்படாது.

விளம்பரத்தில் ‘வைப்ராஹார்ப்’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம். டீகன் நிறுவனம் இதே கருவிக்கு வைத்த பெயர் அது. ஆனால் பெட்டியில் அடங்கும், பெடல் இல்லாத எஃகுப் பட்டைக் கருவியை ‘வைப்ரஃபோன்’ என்று விற்றால் அது வேறு கருவி.

கேள்வி: நேரில் பார்க்கும்போது எதை, எந்த வரிசையில் சோதிப்பது?
— வாசகர், ஜூரோங்

பதில்: நடுத்தரக் கடினமுள்ள, நூல் சுற்றிய கோல் ஒரு ஜோடியும் கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியும் கொண்டுபோங்கள். அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் கிளம்பிவிடலாம்.

முதலில் பெடல். முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு பட்டையையும் நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். ஒலி நீண்டு தானாக அடங்க வேண்டும். பிறகு பெடலை விட்டுவிட்டு அதே 37-ஐயும் தட்டுங்கள். இப்போது எல்லாம் சட்டென்று நிற்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் ஒலி கசிந்தால் டேம்பர் சட்டம் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஸ்பிரிங்கையோ பெடல் கம்பியையோ சரிசெய்தால் தீரும். அங்கங்கே கசிந்தால் ஃபெல்ட் இறுகிப் பள்ளம் விழுந்திருக்கும், மாற்ற வேண்டும். சட்டமே வளைந்திருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து, மிதித்தபோதும் சீக்கிரம் செத்துப்போன பட்டைகள். பட்டையே கெட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பட்டைகளைக் கோத்திருக்கும் கயிறு தளர்ந்து பட்டை தாங்கியில் உரசலாம், தாங்கியின் ரப்பர் உறை கழன்றிருக்கலாம். பட்டையை லேசாக நகர்த்தி மறுபடி தட்டுங்கள். ஒலி திரும்பினால் கயிற்றுச் செலவோடு போயிற்று: இரு வரிசைக்கும் சேர்த்து 7 மீட்டர் கயிறு போதும், பழையதன் தடிமனிலேயே வாங்குங்கள். திரும்பாவிட்டால் கயிறு செல்லும் துளையைச் சுற்றி டார்ச் அடித்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட பட்டைக்கு மருந்தில்லை.

பட்டை நன்றாக அதிர்ந்தும் ஒலி மெலிந்திருந்தால் கீழே குனிந்து பாருங்கள். மோட்டார் நிற்கும்போது வட்டத் தகடுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். படுத்திருந்தால் குழாயின் வாயை அடைத்துவிடும். கையால் திருப்பிவிட்டாலே ஒலி பெருகும். ஒரே ஒரு சுரம் மட்டும் மெலிந்தால் அந்தக் குழாயின் அடிமூடி கழன்றிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். கேட்பவர்களை நோக்கிய முன்வரிசையில் சில குழாய்கள் வெறும் அழகுக்கு வைத்தவை. அவற்றின் மேல் பட்டையே இருக்காது, குறையென்று எண்ணாதீர்கள்.

கடைசியில் சுருதி. பல வைப்ரஃபோன்கள் ஏ சுரம் 442 ஹெர்ட்ஸ் என்ற அளவுக்குச் சேர்க்கப்பட்டவை, செயலி 440-ஐ எதிர்பார்க்கும். எல்லாப் பட்டையும் ஒரே அளவு, 8 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாகக் காட்டினால் அது பிழையில்லை. ஒன்றிரண்டு மட்டும் விலகுவதுதான் பிழை. ஜலதரங்கக் கிண்ணத்தில் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதுபோல் இங்கே முடியாது. பட்டையின் அடியில் நடுப்பகுதியைச் சுரண்டினால் சுருதி இறங்கும், முனைகளைச் சுரண்டினால் ஏறும். சுரண்டிய உலோகம் திரும்ப வராது. அதனால்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் ‘புதுப்பித்த’ கருவியைக் கண்டால் நமக்குச் சந்தேகம் வர வேண்டும். மங்கல் நிறம் காதுக்குத் தெரியாது, தேய்த்த பட்டை தெரியும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த பழைய கருவி. ‘டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும்’ என்கிறார் விற்பவர். உண்மையா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: பாதி உண்மை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை ஒட்டிச் சுழலும் பழைய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். அது பொறுக்கக்கூடியது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராகச் செருகினால் மோட்டார் கருகும். அடாப்டரில் ஓடும் புதிய வகை என்றால் அதன் முதுகில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடியும் தகடு சுழலாவிட்டால் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். மலிவான பாகம், பயப்பட வேண்டாம்.

கேள்வி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? நம் ஊர்ப் புழுக்கம் தாங்குமா?
— வாசகி, யீஷூன்

பதில்: ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒருவர் தூக்கும் எடையில்லை. கழற்றுமுன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பட்டைகளைக் கயிற்றோடே எடுத்து, நடுவில் துண்டு வைத்துச் சுருட்டுங்கள். குழாய்களைத் தனியே இறக்குங்கள். சட்டகத்தையும் பிரித்தால் மின்தூக்கியில் அடங்கிவிடும்.

புழுக்கம் மரப்பட்டைக் கருவிகளைப் பாதிக்கும் அளவுக்கு அலுமினியத்தைப் பாதிக்காது. ஸ்பிரிங்கும் திருகும் துருப்பிடிக்கும், ஃபெல்ட்டில் பூஞ்சை வரும். மழைச்சாரல் படும் சன்னலோரத்தில் வைக்காதீர்கள். மூடிவைக்கப் பருத்திப் போர்வை போதும், பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். வாசித்து முடித்ததும் பட்டைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், கைவியர்வை கறையாகிவிடும்.